எந்தக் குப்பத்தில் இறங்குவது?

"எந்தக் குப்பம்மா?" என்று கேட்டார் படகுக்காரர் முனுசாமி. நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழவேற்காட்டு ஏரிக்கரையில், வெயில் ஏறுவதற்கு முன்பாகவே, ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயுமாக வந்து நின்றிருந்தோம். எதிரே கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். அதற்கு அப்பால் மெல்லிய கோடு போல ஒரு நீளமான மணல் திட்டு. திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் என்றார்கள். திட்டின்மேல் மூன்று மீனவக் குப்பங்கள். அவற்றில் ஒன்றில் ஒரு மாதம் குடியிருக்க வந்திருந்தோம். எதில் என்பதுதான் எங்களுக்கே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். நான் பெருநகரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்கள் இருவரின் பெற்றோரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் அறுப்பு அறுத்தும் எங்களை வளர்த்தவர்கள். அவர் தோளில் தோல் பை ஏறியதும் என் கைக்குச் சாக்குக்கட்டி வந்ததும் எங்கள் தெருவுக்கே திருவிழாவாக இருந்தது. அப்புறம் அவருக்கு இருமல் வந்தது. இருமல் நிற்கவில்லை. டி.பி. என்றார்கள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் பட்டணத்துப் பக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் மகள் செல்விக்கு நாலு வயது. அவளை என் அம்மாவிடம் விட்டிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய் ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே நிறுத்துவேன். அவர் உள்ளே நின்று கையை ஆட்டுவார். கடைசியில் டாக்டர், "நோய் அடங்கிவிட்டது, உடம்புதான் தேறவில்லை. ஒரு மாதம் கடல் காற்றில் இருந்துவிட்டு வா. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாமா, குழந்தையோடு இருக்கலாமா என்று சொல்கிறேன்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த உப்பளத்துக்காரர் ஒருவர்தான் இந்தத் திட்டைப் பற்றிச் சொன்னவர். எந்தக் குப்பம் நல்லது என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான், கால வெச்சா மணலு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. கிளம்பிவிட்டோம்.

கண்டக்டரோடு பஸ்ஸில் போவது போன்ற சங்கடம் வேறு இல்லை. பொன்னேரியிலிருந்து வந்த பஸ்ஸில் அவரால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியவில்லை. "வண்டி எடுத்தப்பறம் டிக்கெட் போடறான் பாரு, இவன் எப்பிடிக் கணக்குக் குடுப்பான்?" என்று என் காதில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒரு நிறுத்தத்தில் பழக்க தோஷத்தில், "போலாம் ரைட்!" என்று வாய்விட்டே கத்திவிட்டார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கூரைமேலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆள் ஏணியைப் பிடித்தபடி அலற, உண்மையான கண்டக்டர் எங்களைத் திட்ட, பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் சிரிப்பு அது.

பழவேற்காட்டில் மாதா கோயில் உபதேசியார், விடுமுறையில் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூட அறையைத் திறந்துவிட்டார். இடம் அமையும்வரை அங்கே தங்கலாம் என்றார். காலையில் ஒரு சாயபு கடையில் ஆப்பமும் இறால் குழம்பும் நாஷ்டா. எங்கள் ஊரில் இறால் என்றால் ஏரி வற்றும்போது சேற்றில் கிடைக்கும் பொடிதான். இங்கே ஒன்று என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. என் வீட்டுக்காரர் நாலு ஆப்பம் சாப்பிட்டார்.

"மொதல்ல பெரிய குப்பமாப் பாப்போம்" என்று அவரே முடிவு செய்ய, முனுசாமி படகை வடகுப்பத்துக்குத் திருப்பினார்.

கோடையில் அந்த ஏரி அகலமே தவிர ஆழமில்லை. பாதி வழியில் படகு மணலில் ஏறி நின்றுவிட்டது. முனுசாமி இறங்கித் தள்ளினார், அசையவில்லை. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் முறைத்தேன். உட்கார்ந்துவிட்டார். நானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினேன். அவர் மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்து, ஒரு கை ஏரித் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "உப்பு! எம்மாம் பெரிய ஏரிய வெச்சிக்கினு ஒரு காணிகூடப் பயிர் பண்ண முடியாது போலக்கீதே" என்றார். முனுசாமி தள்ளுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எங்களுக்குப் பயிரு உள்ள ஓடுது நைனா" என்றார்.

வடகுப்பத்தில் டீக்கடை இருந்தது, நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. கருவாட்டு வியாபாரி ஒருவர் ஓட்டு வீடு கட்டியிருந்தார். அதன் முன்னறை காலி. அவர் மனைவி எங்களுக்குப் பித்தளை டம்ளரில் காப்பி கொடுத்தார். அறையைப் பார்த்தேன். இரண்டு ஜன்னல், கடல் சத்தம் உள்ளேயே கேட்டது. இதுதான் என்று மனதுக்குள் பாயை விரித்துவிட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர், "ஒண்ணு சொல்லிடறேங்க. எனக்கு டி.பி. இருந்திச்சி. வைத்தியம் பண்ணியாச்சி. காத்துக்காகத்தான் வந்துகீறோம்" என்றார்.

வியாபாரி தலையைச் சொறிந்தார். "ரூம்பு கீது... ஆனா அதுல வலை வெக்கணுமே. மறந்தே பூட்டேன்" என்றார். நாங்கள் எழுந்து வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் குடித்த டம்ளரை அந்த அம்மா துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கம்பில் கவிழ்த்துவிட்டு வந்தார். என் டம்ளரையும் சேர்த்து.

திரும்பும்போது படகில் நான் பொரிந்து தள்ளினேன். "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. நீங்க இன்னாத்துக்கு ஊரு ஊரா போயி தண்டோரா போடறீங்க?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு யாருகிட்டேருந்து ஒட்டிச்சின்னு தெரியாது லூர்து. பஸ்ல எவனோ ஒருத்தன் இருமியிருப்பான், நானு சில்லற குடுத்திருப்பேன். அவன் வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நானு கொஞ்சம் தள்ளி நின்னிருப்பேன்ல?"

மறுநாள் முனுசாமி அதே கேள்வியோடு காத்திருந்தார். நடுக்குப்பம் என்றேன் நான். முந்தின ராத்திரியே என் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போட்டிருந்தேன்: அங்கே நான்தான் பேசுவேன், கேட்டால் ஒழிய நோயைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நடுக்குப்பத்தில் பாதிப்பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். பனையோலை வேய்ந்த வீடுகள், வரிசையாக, எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எங்கள் பக்கத்தில் வீட்டைச் சுற்றி வைக்கோல் போர் இருப்பதுபோல இங்கே வலைகள் குவிந்துகிடந்தன. நூக்கம்மா என்ற இளம்பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி, "வாங்கக்கா, வெயில்ல நிக்கறீங்களே" என்று உள்ளே கூப்பிட்டாள். வீட்டை ஒட்டி ஒரு புதுக் குடிசை இருந்தது. தம்பிக்குக் கல்யாணம் ஆனால் வேண்டும் என்று கட்டியதாம். தம்பி இன்னும் பெண்ணே பார்க்கவில்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

ஒரு மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். மடவை மீன் குழம்பும் சோறும் போட்டாள். குழம்பில் புளிக்குப் பதிலாக மாங்காய். என் வீட்டுக்காரர் மறுசோறு கேட்டார். அவர் வாயால் மறுசோறு என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை நாள்! நூக்கம்மாவின் கணவன் வலை பின்னியபடியே அவரிடம் பஸ் டிரைவர் ஆவது எப்படி என்று விசாரித்தான். புதுக் குடிசை எங்களுக்கு என்று பேசி முடித்தாயிற்று.

அடுப்பில் உலை பொங்கியது. நூக்கம்மா, "கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று குழந்தையை என் வீட்டுக்காரர் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

அவருடைய இரண்டு கைகளும் காற்றில் நின்றன. குழந்தை அவர் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தது. மெதுவாக, ஒரு கையை அதன் முதுகுக்கும் ஒரு கையைத் தலைக்கும் கொண்டுவந்தார். முகத்தை மட்டும் நன்றாகத் திருப்பிச் சுவரைப் பார்த்து வைத்துக்கொண்டார். மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பிறகு எழுந்து நேராக அடுப்படிக்குப் போய்க் குழந்தையை அதன் தாயிடம் நீட்டினார்.

"கொயந்தைய வாங்கிக்கோம்மா. எனக்கு டி.பி. இருந்திச்சி. ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன். இப்போ இல்லன்றாங்க. இருந்தாலும் உன்கிட்ட சொல்லாம இங்க குந்தக் கூடாது."

நூக்கம்மா குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கணவனைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னாள். எனக்குக் கொஞ்சம் தெலுங்கு புரியும். "எவ்வளவு நல்ல மனுஷர். ஆனால் இது குழந்தை இருக்கிற வீடாயிற்றே, நான் என்ன செய்வேன்?" என்றாள். அவன் வலையைக் கீழே வைத்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மீதி இருந்த மீன் துண்டுகளை ஒரு வாழையிலையில் கட்டி என் கையில் திணித்தாள். "கோச்சிக்காதீங்கக்கா" என்றாள்.

"நீ சொல்றதுதாம்மா சரி" என்று என் வீட்டுக்காரர் அவளைத் தேற்றினார்.

அன்றைக்குப் படகில் நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவர்தான் பேசினார். "எம்மாம் கனம் லூர்து! கொயந்தைங்க இவ்ளோ கனமா இருக்கும்ன்றதே மறந்து பூட்சி." முனுசாமி எங்கள் பக்கம் பார்க்காமல் படகுப் பாயைச் சரிசெய்வதுபோல நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் பெட்டியைக் கட்டிவிட்டார். ஊருக்கே போய்விடலாம், பழையசீவரத்துப் பாலாற்றங்கரையிலும் காற்று வரத்தானே செய்கிறது என்றார். எனக்கும் காலெல்லாம் அசதி. ஆனால் டாக்டர் சொன்னது பாலாற்றுக் காற்று இல்லை. இன்னும் ஒரு குப்பம் பாக்கி இருந்தது.

"முகத்துவாரமா?" முனுசாமி முகத்தைச் சுளித்தார். "அங்க இன்னாம்மா கீது? பத்து வூடுகூட இல்ல. குடிக்கிற தண்ணியே நாங்க கொண்டாந்து குடுக்கணும். சோத்துல பாதி மணலு. யாரும் போமாட்டாங்க."

"அப்போ அங்கதான் போவணும்" என்றேன். எந்தக் கணக்கில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஏரி கடலோடு சேரும் இடம் அது. ஒரு பக்கம் அசையாத தண்ணீர். இன்னொரு பக்கம் இரைந்துகொண்டு அலை. நடுவே ஒரு நாக்கு மாதிரி மணல். காற்று எங்களைப் பிடித்துத் தள்ளியது. எங்கள் ஊர்க் காற்று மரத்தில் தங்கித்தான் வரும்; இது எங்கேயும் தங்காத காற்று. கரையில் ஒரு பெண்பிள்ளை மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பொன்னியம்மா என்று முனுசாமி சொன்னார். நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே அவர் என் வீட்டுக்காரரின் கழுத்தெலும்பைப் பார்த்தார்.

"நெஞ்சு வியாதியா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. இருந்திச்சி."

"இப்போ சளியில ரத்தம் கீதா?"

"இல்ல. நின்னுபோயி ரொம்ப நாளாச்சி."

"மாத்திரை துன்றியா?"

"துன்றேன்."

பொன்னியம்மா கத்தியைக் கழுவி வைத்தார். "எங்க வூட்டுக்காரருக்கும் இதான் வந்துச்சி. அப்போ இந்த மாத்திரையெல்லாம் எங்களுக்குக் கெடைக்கல. பூட்டாரு." தென்கோடியில் தனியாக நின்ற ஒரு குடிசையைக் காட்டினார். "அதுல தான் வெச்சிக்கினு இருந்தேன். சும்மாதான் கீது. கூரை போன வருஷம் போட்டது. இருந்துக்கோங்க. பசங்க அந்தப் பக்கம் வராதுங்க, நானு பாத்துக்கறேன். துப்பறதுக்கு ஒரு டப்பா வெச்சிக்கோ நைனா, மணலு போட்டு மூடி, அப்பால கொளுத்திடு. அவ்ளோதான்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். யாரும் அவரிடம் இவ்வளவு நேராக இந்தப் பேச்சைப் பேசியதில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

பிறகு பொன்னியம்மா என் பக்கம் திரும்பினார். "நீ துன்னியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அவரு காலையில இட்லி..." என்று ஆரம்பித்தேன்.

"அவர கேக்கல. உன்ன கேக்கறேன். மூஞ்சி இன்னா இப்பிடிச் சுண்டிப் போயி கீது? நீ ஏதாவது துன்னியா?"

ஒரு வருஷம். பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கோயிலிலும் பார்த்தவர்கள் எல்லாம் 'அவருக்கு எப்படி இருக்கு' என்றுதான் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்க ஒருவர் இருப்பார் என்பதே எனக்கு மறந்திருந்தது. அந்த மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பொன்னியம்மா உப்புக் கையோடு தொடமுடியாமல், முழங்கையால் என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

"மூணாவது குப்பத்துல எறங்கியாச்சி" என்று சொல்லிவிட்டு முனுசாமி படகைத் தள்ளினார்.

முனுசாமி சொன்னது முழுக்க உண்மை. சோற்றில் மணல் இருந்தது. பாயில், பல்லில், தலையில், சீப்பில் மணல் இருந்தது. தண்ணீர்ப் படகு வராத நாளில் முகம் கழுவாமல் இருந்தோம். ஒரு நாள் காற்று எங்கள் அடுப்பையே அணைத்துவிட்டு, காயப்போட்ட என் புடவையைக் கடலுக்குக் கொண்டுபோனது. மூன்று பேர் துரத்திப் பிடித்தார்கள். அவர் காலையிலும் மாலையிலும் அலையோரமாக நடந்தார். முதலில் கவிழ்த்துப் போட்டிருந்த கட்டுமரம் வரை, பிறகு அதற்கும் அப்பால். பகலில் பொன்னியம்மாவிடம் அலை ஏறுவதும் வடிவதும் எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "நம்ம பஸ்ஸவிட இது கரெக்டா வருது" என்று வியந்தார். இருமல் குறைந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. திரும்பிப் போனபின் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வேலைக்கும் போகலாம், வீட்டுக்கும் போகலாம் என்றுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. தெரிந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசி வாரம். குப்பத்து ஆண்கள் எல்லாரும் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துப் பின்வாக்கில் நடந்து இழுக்க வேண்டும். ஒரு கைக்கு ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பொன்னியம்மாவின் தம்பி, "இன்னா மாமா, சும்மா நிக்கறே? இழுக்க வாணாம், வர்ற கயித்த சுத்திப் போடு" என்று கூப்பிட்டார். நான் குடிசை வாசலிலிருந்து எழுந்தேன். வேண்டாம் என்ற சொல் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அவர் ஆட்களின் கோடியில் குந்தி, நனைந்து வந்த கயிற்றை வட்டம் வட்டமாகச் சுற்றி அடுக்கினார். அவசரமில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல். வலை கரையேற வெகுநேரம் பிடித்தது. வெள்ளையாகக் காரப்பொடி மீன் துள்ளியது. பெண்கள் கூடையோடு ஓடினார்கள். பங்கு பிரிக்கும்போது அவர் எழுந்து விலகி நடக்க ஆரம்பித்தார்.

"மாமா! எங்க போற? உன் பங்கு யாரு எடுப்பா?" என்று தம்பி கத்தினார்.

கைமாறிக் கைமாறி ஒரு குவியல் அவர் துண்டில் விழுந்தது. கயிறு சுற்றுகிறவனுக்கு எவ்வளவோ அவ்வளவு. நோயாளி என்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

துண்டின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் குடிசைக்கு நடந்துவந்தார். வேட்டியெல்லாம் மணல். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. வாசலில் நின்று, சம்பள நாளில் வருகிறவர் போல என்னைப் பார்த்தார்.

"பசி உயிரு போவுது லூர்து" என்றார். "சட்டிய வை."

நான் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.